முட்டை வெளிய வந்து 7வது நாள் டெம்பரேச்சர் டக்குனு எறங்கிருச்சு, இது அந்த டிப்பா இல்ல எல்லாம் முடிஞ்சுதா??

கிளி_காத்திருக்கு:

எல்லா சிஸ்டர்ஸுக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சுட்டு போறவ நான், இன்னைக்கு மனசு கேக்கல அதான் எழுதுறேன். வயசு 29, எட்டு மாசமா ட்ரை பண்றோம். பீரியட்ஸ் 30 இல்லனா 31வது நாள் வந்துரும், அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. போன மாசத்துல இருந்துதான் இந்த பிபிடி (தூங்கி முழிச்சதும் இருக்குற உடம்பு சூடு) பாக்க ஆரம்பிச்சேன், காலைல முழிச்சதும் எந்திரிக்காம வாயில தெர்மாமீட்டர வச்சு ஆப்ல போடுறது.

இந்த மாசம் பீரியட்ஸ் வந்ததுல இருந்து 16வது நாள் ஓவுலேஷன் (முட்டை வெளிய வர்றது) பாக்குற ஸ்ட்ரிப்ல ரெண்டாவது கோடு நல்லா டார்க்கா வந்துச்சு. 12ல இருந்து 17வது நாள் வரைக்கும் டெம்பரேச்சர் 97.16, 97.34, 97.16, 97.34, 97.34, 97.16. 18வது நாள் 97.70 ஆச்சு, அப்புறம் 97.88, 97.88, 98.06, 98.06, 97.88. ஆப் 17வது நாள் ஓவுலேஷன்னு கோடு போட்டுருச்சு, நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா, கிராஃப் அவ்ளோ அழகா ஏறி நின்னுச்சு.

இன்னைக்கு ஓவுலேஷன் ஆகி 7வது நாள். காலைல பாத்தா 97.52. நம்பாம மறுபடி வச்சேன் 97.70, இன்னொரு தடவ வச்சேன் 97.52. அப்போல இருந்து ஒரு வேலையும் ஓடல. கரு ஒட்டும்போது ஒரு நாள் எறங்கி ஏறும்னு சொல்றாங்களே அதுவா? இல்ல புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன் கொறஞ்சு பீரியட்ஸ் வரப்போகுதா? யாருக்காவது இப்படி ஆகி அப்புறம் பாசிட்டிவ் வந்துருக்கா? ப்ளீஸ் சொல்லுங்க, இவர்கிட்ட சொன்னா பொலம்பாதனு சொல்லிட்டு தூங்கிட்டாரு.


சுபிம்மா:

கிளி கவலையே படாதடா, எனக்கும் என் பொண்ணு வயித்துல வந்தப்போ 8வது நாள் இதே மாதிரிதான் சர்ருனு எறங்குச்சு, மறுநாளே ஏறிருச்சு, 14வது நாள் ரெண்டு கோடு. இது அந்த டிப்தான்னு எனக்கு தோணுது. நாளைக்கு ஏறுதானு பாரு. வேண்டிக்குறேன்.


கட்டம்போட்ட_நோட்டு:

சுபிம்மா சொல்றது ஆசையா இருக்கு, ஆனா நான் கொஞ்சம் கணக்குல எறங்குறேன் தப்பா நெனைக்காதீங்க.

கிளி, உங்க நம்பர எல்லாம் வரிசையா பாத்தீங்களா? 97.16, 97.34, 97.52, 97.70, 97.88, 98.06. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கரெக்ட்டா 0.18 வித்தியாசம். நடுவுல ஒரு 97.40 கூட இல்ல, ஒரு 97.6 கூட இல்ல. உடம்பு இப்படி படிக்கட்டு மாதிரி ஏறாது பா. உங்க தெர்மாமீட்டர் செல்சியஸ்ல ஒரே ஒரு புள்ளி மட்டும் காட்டுற சாதாரண காய்ச்சல் தெர்மாமீட்டரா? 36.4, 36.5னு அது காட்டுறத ஆப் ஃபாரன்ஹீட்டா மாத்தும்போது ரெண்டு தசமம் வந்து, பாக்க என்னமோ ரொம்ப துல்லியமா அளந்த மாதிரி தெரியுது. உண்மைல உங்க 97.88ங்கிறது 36.6, இன்னைக்கு வந்த 97.52 36.4. ரெண்டு படி எறங்கிருக்கு, அவ்ளோதான். அந்த மாதிரி தெர்மாமீட்டரே பொதுவா 0.1 டிகிரி முன்ன பின்ன காட்டும்னு அதோட டப்பாலயே போட்டிருப்பாங்க. நீங்களே மூணு தடவ வச்சதுல ஒரு தடவ 36.5 வந்துருச்சே. நீங்க எட்டு மணி நேரமா அழுதுட்டு இருக்குறது மெஷினோட தடுமாற்றத்துக்கு.

பிபிடிக்குனே தனியா இருக்குற தெர்மாமீட்டர் செல்சியஸ்ல ரெண்டு புள்ளி காட்டும், 36.42, 36.47னு. நாம தேடுற ஏத்தமே மொத்தம் 0.3ல இருந்து 0.5 டிகிரி செல்சியஸ்தான், சில பேருக்கு 0.2தான் இருக்கும். அந்த சின்ன ஏத்தத்த 0.1 படி வச்ச கருவியில அளக்குறது, மீட்டர் டேப்ல நூல் தடிமன் அளக்குற மாதிரி.

ஆனா ஒண்ணு, உங்களுக்கு ஓவுலேஷன் பெரும்பாலும் ஆயிருக்கு. பழைய கணக்கு என்னன்னா ஏறுறதுக்கு முந்தின ஆறு நாளோட டெம்பரேச்சர விட அடுத்த மூணு நாளும் தொடர்ந்து மேல இருக்கணும். உங்க ஆறு நாள்ல அதிகமே 97.34, அதுக்கப்புறம் மூணு நாளு என்ன, ஏழு நாளும் மேலதான் இருக்கு. இன்னைக்கு எறங்குனதா சொல்ற 97.52 கூட அந்த கோட்டுக்கு மேலதான்! கிராஃப்ல நமக்கு வேண்டியது கெடச்சாச்சு.

இது ஒண்ணும் ஆப்காரங்க கண்டுபிடிச்சதில்ல, நூறு வருஷத்துக்கு மேல பழைய விஷயம். வான் டி வெல்டேனு ஒரு நெதர்லாந்து டாக்டர்தான் 1900கள் ஆரம்பத்துல இந்த ஏத்தத்துக்கும் முட்டை வெளிய வந்தப்புறம் சினைப்பைல நடக்குற மாத்தத்துக்கும் முடிச்சு போட்டாரு. அவங்க காலத்துல பேப்பர்ல புள்ளி வச்சு பாத்தாங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு நோட்டிஃபிகேஷன் வந்து பயமுறுத்தல, அதுவே பெரிய நிம்மதியா இருந்துருக்கும்.

கேள்வி ஒண்ணு, இன்னைக்கு வழக்கமான நேரத்துலதான் பாத்தீங்களா?


கிளி_காத்திருக்கு:

ஐயோ அக்கா ஆமா செல்சியஸ்தான்!! வீட்டுல இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டர்தான், ஆப்ல பாக்க எல்லாரும் 97, 98னு போடுறாங்களேனு நானும் ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தி வச்சேன்.

நேரம்... தெனமும் 6.15க்கு அலாரம். இன்னைக்கு அவருக்கு வெளியூர் போற வேலைனு 4.30க்கு அவர் அலாரம் அடிச்சுது, நான் முழிச்சுட்டேன், முழிச்சதும் வச்சுரணும்னு அப்பவே வச்சேன். பாத்ரூம் போயிட்டு வந்து தான் மூணாவது தடவ வச்சேன்.


கட்டம்போட்ட_நோட்டு:

பாத்தீங்களா. ராத்திரி தூக்கத்துல உடம்பு சூடு எறங்கி எறங்கி விடியக்காலைல ரொம்ப அடில இருக்கும், அதுக்கப்புறம் மெதுவா ஏற ஆரம்பிக்கும். 4.30க்கு பாத்தா 6.15க்கு பாக்குறத விட கொறச்சலாதான் காட்டும். லேட்டா எந்திரிச்சா உல்டா, கூட காட்டும், லீவு நாள்ல எல்லாம் கிராஃப் தானா ஏறும் பாருங்க, நான் ஒரு தடவ ரெண்டு நாள் அசந்து தூங்கிட்டு ஓவுலேஷன் ஆயிருச்சுனு கொண்டாடிருக்கேன். நேரம் மாறுன அன்னைக்கு புள்ளிய போட்டு பக்கத்துல 4.30னு எழுதி வைங்க, கணக்குல சேக்காதீங்க. எந்திரிச்சு நடந்துட்டு வந்து வைக்குறது எதுக்குமே ஆகாது.


ராத்திரி_டியூட்டி:

நோட்டு அக்கா மெஷின் பக்கத்த சொல்லிட்டாங்க, நான் உடம்பு பக்கத்த சொல்றேன், நாலு வருஷம் இதுல கெடந்து உருண்டவ நான்.

முட்டை வெடிச்சு வெளிய வந்ததும் அது இருந்த கூடு அப்படியே கார்ப்பஸ் லூட்டியம்னு ஒண்ணா மாறுது, அதுதான் புரோஜெஸ்ட்ரான் சுரக்குது, அந்த புரோஜெஸ்ட்ரான் மூளைல சூட்ட கன்ட்ரோல் பண்ற எடத்த கொஞ்சம் தூக்கி விடுது, அதனாலதான் டெம்பரேச்சர் ஏறுது. இப்போ இத கவனிங்க, கரு உண்டாயிருந்தாலும் சரி உண்டாகாட்டியும் சரி இந்த கார்ப்பஸ் லூட்டியத்துக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அதோட வேலைய பாத்துக்கிட்டு இருக்கும். கரு கர்ப்பப்பைல ஒட்டுறது பெரும்பாலும் ஓவுலேஷன் ஆகி 8ல இருந்து 10 நாள்ல, ஒட்டுனப்புறம்தான் ஹெச்சிஜிங்கிற கர்ப்ப ஹார்மோன் சுரக்கும், அந்த ஹெச்சிஜிதான் "நான் வந்துட்டேன், நீ நிறுத்தாத"னு கார்ப்பஸ் லூட்டியத்துக்கு சொல்ற தகவல். அந்த தகவல் போறதுக்கு முன்னாடி 5வது நாள் 6வது நாள் 7வது நாள் டெம்பரேச்சர்ல கர்ப்பம் எப்படிங்க தெரியும்? தெரியவே தெரியாது. கர்ப்பமான மாசமும் ஆகாத மாசமும் அது வரைக்கும் ஒரே கிராஃப்தான்.

டிப் வர்றது உண்மைதான், ஆனா அது கர்ப்பமே ஆகாத மாசத்துலயும் வரும். அந்த பாதி வழில ஈஸ்ட்ரோஜன் ரெண்டாவது தடவ கொஞ்சம் ஏறும், ஈஸ்ட்ரோஜன் சூட்ட கொறைக்குற கச்சி, அதனால ஒரு நாள் எறங்கலாம். சுபிம்மாவுக்கு டிப் வந்த மாசம் பாப்பா வந்தா, ஞாபகத்துல நிக்குது. எனக்கு நாலு மாசம் டிப் வந்துச்சு, நாலு மாசமும் பீரியட்ஸ் வந்துச்சு. கடைசில கன்சீவ் ஆன மாசம் ஒரு டிப்பும் இல்ல, தட்டையா ஒரு கோடு, நான் அந்த மாசம் அத ஒழுங்கா பாக்கக்கூட இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், டாக்டர் யாருக்காவது ஓவுலேஷனுக்கு அப்புறம் புரோஜெஸ்ட்ரான் மாத்திர குடுத்துருந்தா இந்த கிராஃப நம்பவே நம்பாதீங்க. மாத்திர எடுக்குற வரைக்கும் சூடு எறங்காம நிக்கலாம், பீரியட்ஸும் தள்ளும். நான் 17 நாள் மேலயே நிக்குதுனு வீடு பூரா சொல்லிட்டு, மாத்திரய நிறுத்துன மூணாவது நாள் பீரியட்ஸ் ஆனேன். அந்த அசிங்கம் வேற யாருக்கும் வேணாம். டிரிகர் ஊசி (முட்டைய வெடிக்க வைக்க டாக்டர் போடுறது) போட்டவங்களும் பத்து நாளு, பதினாலு நாளு வரைக்கும் வீட்டுல டெஸ்ட் பண்ணாதீங்க, அந்த ஊசியே ஹெச்சிஜிதான், ஸ்ட்ரிப் பொய்யா பாசிட்டிவ் காட்டும்.

நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு, எப்போ உங்க பெரிய தூக்கமோ அது முடிஞ்சு முழிக்கும்போது பாருங்க, பகலா இருந்தாலும் பரவால்ல. கொறஞ்சது மூணு நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கிருக்கணும். ஷிஃப்ட் மாறி மாறி வந்தா விட்டுருங்க, அது கிராஃபே இல்ல கோலம்.


வீட்டுக்காரர்:

சிஸ்டர்ஸ் மன்னிக்கணும், நான் ஆம்பள, என் மனைவிக்காக படிக்க வந்தேன். எங்க வீட்டுல ஒரு சின்ன ஏற்பாடு, அவங்க தூக்க கலக்கத்துல தெர்மாமீட்டர வச்சுட்டு கண்ண மூடிக்குவாங்க, பீப் அடிச்சதும் நான் எடுத்து பாத்து எழுதிருவேன், அவங்ககிட்ட நம்பர சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசமா காலைல சண்டை இல்ல.

ஒரு விஷயம் கண்டுபிடிச்சேன், அவங்களுக்கு மூக்கடைப்பு இருந்தா வாயத் திறந்து தூங்குவாங்க, அன்னைக்கு வாயில வச்சா எப்பவும் கம்மியா காட்டும். நாக்குக்கு அடில எந்த பக்கம் வச்சாலும் தெனமும் அதே பக்கம் வைக்கணும், வாய மூடி கொஞ்ச நேரம் கழிச்சு பட்டன அமுக்குனா சீரா வருது.

அப்புறம் இங்க எல்லாருமே லேடீஸ் பக்கம் மட்டும் எட்டு மாசம் பத்து மாசம்னு கிராஃப் போடுறீங்க. உங்க சார செமன் டெஸ்ட் ஒண்ணு எடுக்க சொல்லுங்க. கொழந்த தள்ளிப்போறதுல ஆண்கள் பக்க காரணமும் நெறைய. எனக்கு விந்தணு கவுன்ட் கம்மினு அஞ்சு நிமிஷ வேலைல தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அவங்க வாயில தெர்மாமீட்டர். இன்னும் வெக்கமா இருக்கு.


கிளி_காத்திருக்கு:

மூணு நாள் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் தேங்க்ஸ், அன்னைக்கு நைட் நிம்மதியா தூங்குனேன். ஆனா இப்போ வேற பிரச்சனை. 8வது நாள் 97.88, 9வது நாள் 98.06, இன்னைக்கு 10வது நாள் 98.24!! இவ்ளோ மேல ஒரு நாளும் போனதில்ல. மூணாவது படி ஏறுனா ட்ரைஃபேசிக், அது கர்ப்பம்தான்னு ஒரு வீடியோல பாத்தேன். கை நிக்காம டெஸ்ட் எடுத்தேன், ஒரு கோடுதான். லைட் வெளிச்சத்துல சாச்சு பாத்தேன், ஒண்ணுமில்ல. அப்போ இல்லையா? இல்ல சீக்கிரமா எடுத்துட்டேனா?


சுபிம்மா:

ஏறிருச்சா!! நான்தான் சொன்னேன்ல 😊 டெஸ்ட் சீக்கிரம்டா, பொறு.


ராத்திரி_டியூட்டி:

சீக்கிரம்தான், டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்ல. நேத்துதான் ஒட்டிருந்தாக்கூட ஹெச்சிஜி அப்போதான் ஆரம்பிச்சுருக்கும், கிட்டத்தட்ட ரெண்டு நாளைக்கு ஒருக்க ரெட்டிப்பாகி யூரின்ல தெரியுற அளவுக்கு வரணும்ல. பீரியட்ஸ் வரவேண்டிய நாள் தாண்டட்டும், காலைல மொத யூரின்ல எடு.

ட்ரைஃபேசிக் பத்தி, அதுவும் டிப் கதைதான். கர்ப்பமானவங்க கிராஃப்ல கொஞ்சம் கூட தென்படலாம், ஆகாதவங்களுக்கும் வரும். 98.24ங்கிறது உனக்கு 36.8, நேத்து 36.7. ஒரு படி மா, ஒரே ஒரு படி. எறங்குனப்போ மெஷின் தப்புனு நம்புனல்ல, ஏறும்போதும் அதே மெஷின்தான்.


பெரியக்கா_41:

நான் நடுவுல வர்றேன். எல்லாரும் 7வது நாளு 10வது நாளுனு பேசுறீங்க, யாருமே கேக்க வேண்டியத கேக்கல. தங்கச்சி, இந்த மாசம் நீங்க ரெண்டு பேரும் எந்தெந்த நாள் சேர்ந்தீங்க? கூச்சப்படாம சொல்லு.


கிளி_காத்திருக்கு:

அக்கா... 18வது நாளும் 19வது நாளும். டெம்பரேச்சர் ஏறினா முட்டை வந்துருச்சுனு அர்த்தம்னு போட்டிருந்துச்சு, அதான் ஏறட்டும்னு வெயிட் பண்ணி அன்னைக்கு சேர்ந்தோம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் வேணும்னே சேரல, சேத்து வச்சா நல்லதுனு ஃப்ரெண்ட் சொன்னா. போன மாசமும் இப்படித்தான்.


பெரியக்கா_41:

நெனச்சேன். திட்டல மா, இது நெறைய பேரு பண்றதுதான், நானும் பண்ணிருக்கேன். டெம்பரேச்சர் ஏறுறது முட்டை வந்து போனதுக்கு அப்புறம் வர்ற சேதி. பஸ் போனப்புறம் ஸ்டாப்புல தூசி பறக்குமே, அது மாதிரி.

வெளிய வந்த முட்டைக்கு ஆயுசு 12ல இருந்து 24 மணி நேரம்தான். நீ காலைல 97.70னு பாக்கும்போது அது பெரும்பாலும் முடிஞ்ச கதை. ஆனா விந்தணு அப்படி இல்ல, நல்ல வழவழப்பு இருக்குற நாள்ல அஞ்சு நாள் வரைக்கும் உள்ள உயிரோட காத்துக்கிட்டு இருக்கும். அதனால கரு தரிக்க வாய்ப்பு இருக்குற நாள் எல்லாமே ஓவுலேஷனுக்கு முந்தின அஞ்சு நாளும் அந்த நாளும்தான், அதுலயும் முந்தின ரெண்டு நாள் ரொம்ப முக்கியம். உன் கணக்குல அது 12ல இருந்து 17. நீங்க ரெண்டு பேரும் கரெக்ட்டா அந்த நாள் பூரா விரதம் இருந்துட்டு 18ல இருந்து ஆரம்பிச்சுருக்கீங்க.

ஸ்ட்ரிப் 16ல டார்க் ஆச்சுல்ல, அதுதான் முன்கூட்டி வர்ற சேதி. ஸ்ட்ரிப் காட்டுற அந்த எல்ஹெச்ங்கிற ஹார்மோன் ஏறி ஒரு நாள், ஒன்றரை நாள்ல முட்டை வெடிக்கும். அன்னைக்கு ராத்திரியே சேர்ந்திருக்கணும். ஸ்ட்ரிப்புக்கும் முன்னாடியே சொல்றது வெள்ளைப்படுறது, முட்டையோட வெள்ளக்கரு மாதிரி ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்தா கம்பி மாதிரி நீளும், அது வந்த நாள்ல இருந்து கணக்கு ஆரம்பம். சேத்து வைக்குறதெல்லாம் வேணாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், தெனமும் முடிஞ்சா அதுவும் தப்பில்ல.


கிளி_காத்திருக்கு:

அக்கா எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருது. அப்போ இந்த மாசம் வாய்ப்பே இல்லையா? ரெண்டு மாசம் வேஸ்ட்டா?


கட்டம்போட்ட_நோட்டு:

வாய்ப்பே இல்லைனு யாராலயும் சொல்ல முடியாது, ஆப் போடுற ஓவுலேஷன் நாள் ஒரு நாள் ரெண்டு நாள் முன்ன பின்ன இருக்கலாம், ஸ்கேன் எடுத்து பாத்தவங்களுக்கே கிராஃபும் ஸ்கேனும் ஒத்துப்போகாம இருந்துருக்கு. ஒருவேள 18ல கூட வெடிச்சிருக்கலாம். ஆனா அத நம்பி தெனமும் ஸ்ட்ரிப் கிழிக்காதீங்க.

வேஸ்ட்டும் இல்ல. உங்களுக்கு ஓவுலேஷன் ஆகுதுனு தெரிஞ்சுது, எந்த நாள்ல ஆகுதுனு தெரிஞ்சுது, இப்போ பீரியட்ஸ் எப்போ வருதுனு பாத்தா பின்பாதி (ஓவுலேஷன்ல இருந்து பீரியட்ஸ் வர்ற வரைக்கும்) எத்தன நாள்னு தெரிஞ்சுரும். அந்த பின்பாதி நீளம் ஒரே ஆளுக்கு பெருசா மாறாது, முன்பாதிதான் டென்ஷன், அலைச்சல், காய்ச்சல்னு இழுக்கும். பத்து நாளுக்கு கீழ அடிக்கடி வந்தா டாக்டர்கிட்ட காட்டணும். டெம்பரேச்சர் 18 நாளுக்கு மேல எறங்காம நின்னா, மாத்திர எதுவும் எடுக்கலனா, பெரும்பாலும் நல்ல சேதி. நடுவுல 7வது, 8வது, 10வது நாள் புள்ளி எல்லாம் சும்மா இடத்த ரொப்புது.


பிசிஓ_போராளி:

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை, என்னைய மாதிரி பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை) இருக்குறவங்க பெரியக்கா சொன்ன ஸ்ட்ரிப் மேட்டர அப்படியே எடுத்துக்காதீங்க. எனக்கு ஒரே மாசத்துல மூணு தடவ ஸ்ட்ரிப் டார்க் ஆகும், உடம்பு ட்ரை பண்ணும் முட்டை வெடிக்காது. எங்களுக்கு இந்த தெர்மாமீட்டர்தான் உபயோகம், ஏறுனாதான் உண்மையாவே நடந்துருக்குனு அர்த்தம். ரெண்டு மாசம் தட்டையா ஒரே லெவல்ல போன கிராஃப டாக்டர்கிட்ட காட்டுனேன், அவங்க அதப் பாத்துட்டுதான் முட்டை வளருதானு பாக்குற ஃபாலிக்கிள் ஸ்கேனுக்கு வரச் சொன்னாங்க.

அபூர்வமா இன்னொண்ணும் உண்டு, முட்டை வெடிக்காமலே அந்த கூடு புரோஜெஸ்ட்ரான் சுரக்க ஆரம்பிச்சுரும், டெம்பரேச்சரும் ஏறும், ஆனா முட்டை உள்ளயே இருக்கும். அது ஸ்கேன்லதான் தெரியும்.

அப்புறம் 21வது நாள் புரோஜெஸ்ட்ரான் பிளட் டெஸ்ட் எழுதிக் குடுத்தா கண்ண மூடிட்டு 21ல போகாதீங்க. அது 28 நாள் சைக்கிள்காரங்களுக்கு போட்ட கணக்கு, ஓவுலேஷன் ஆகி ஏழாவது நாள் எடுக்கணும்ங்கிறதுதான் விஷயம். கிளிக்கு அது 24வது நாள். எனக்கு 21ல எடுத்து ரிசல்ட் கம்மினு ஒரு மாசம் மண்ட காய்ஞ்சேன், அந்த மாசம் 23லதான் ஓவுலேஷனே!


கிளி_காத்திருக்கு:

அப்டேட் குடுக்கலாம்னு வந்தேன். 13வது நாள் 97.70, நேத்து 14வது நாள் காலைல 97.16, மத்தியானம் பீரியட்ஸ். அழுதேன், இல்லனு சொல்ல மாட்டேன், ஆனா போன மாசம் மாதிரி இல்ல. காரணம் தெரிஞ்சு அழுறது வேற மாதிரி இருக்கு.

அப்போ பின்பாதி 13 நாள், சரியா? அவர்கிட்ட இந்த த்ரெட் முழுக்க காட்டிட்டேன், வீட்டுக்காரர் அண்ணா எழுதுனத ரெண்டு தடவ படிச்சாரு, ஒண்ணும் பேசல, சாயங்காலம் அவரே ஒரு லேப்ல விசாரிச்சுட்டு வந்துட்டாரு. ரெண்டு புள்ளி தெர்மாமீட்டரும் வாங்கியாச்சு. இந்த மாசம் எப்போல இருந்து என்ன பண்ணனும்னு மட்டும் யாராவது சொல்லுங்க, ஆப் 14வது நாள் ஓவுலேஷன்னு இப்பவே போட்டு வச்சுருக்கு.


பெரியக்கா_41:

13 நாள் ரொம்ப நல்ல பின்பாதி, அத பத்தி இனி யோசிக்காத. ஆப் போடுற 14 பொதுவா போடுறது, உன் உடம்ப அதுக்கு தெரியாது, அழிச்சுரு.

நீ 11வது நாள்ல இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேரு. ஸ்ட்ரிப்ப 12ல இருந்து பாரு, டார்க் ஆன நாளும் அடுத்த நாளும் விடாத. டெம்பரேச்சர் மூணு நாள் ஏறி நிக்குற வரைக்கும் இதே மாதிரி போகட்டும், நடுவுல முட்டை கொஞ்சம் தள்ளிப்போனாலும் மாட்டிக்கும். மூணாவது நாள் ஏறியே இருந்தா தெர்மாமீட்டர உள்ள வச்சுரு, மறுபடி பீரியட்ஸ் வந்து எடுத்தா போதும். ஃபோலிக் ஆசிட் எடுக்குறியா? தெனமும் 400 மைக்ரோகிராம், இன்னும் ஆரம்பிக்கலனா இன்னைக்கே ஆரம்பி, கன்சீவ் ஆனப்புறம் எடுத்துக்கலாம்னு இருக்காத.

உனக்கு 29, ஒரு வருஷம் பாத்துட்டு டாக்டர்கிட்ட போகலாம்னு சொல்லுவாங்க. 35 தாண்டினவங்க ஆறு மாசத்துலயே போயிரணும், பீரியட்ஸ் ஒழுங்கா வராதவங்க அதுக்கும் காத்திருக்க வேணாம். நீ எட்டு மாசம்னு சொன்ன, ஆனா அதுல எத்தன மாசம் சரியான நாள்ல சேர்ந்தீங்கனு நீயே எண்ணிப் பாரு. போறப்போ தைராய்டும் சேத்து பாக்க சொல்லு, தைராய்டு கொறஞ்சா கிராஃப் முழுசும் கீழ தள்ளி இருக்கும், சிலருக்கு அதுலயே கண்டுபிடிச்சிருக்காங்க.


கிளி_காத்திருக்கு:

ஃபோலிக் ஆசிட் எடுக்குறேன் அக்கா. மத்ததெல்லாம் நோட்ல எழுதிட்டேன், ஆப்ல இல்ல, நெஜமான நோட்ல.

இவர் ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு. காலைல அவர்தான் எடுத்து பாப்பாராம், மூணு நாள் ஏறினதும் தெர்மாமீட்டர அவர் ஆபீஸ் பேக்ல போட்டு எடுத்துட்டு போயிருவாராம். நான் சரினு சொல்லிட்டேன். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒண்ணு இன்னும் அலமாரில இருக்குறது அவருக்கு ஞாபகம் இல்ல 😅


கட்டம்போட்ட_நோட்டு:

கிளி!!! அதோட பேட்டரிய இப்பவே கழட்டுங்க.